தன்மையாகப் பேசுபவரா, தண்மையாகப் பேசுபவரா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் ஊர்த் தபால்காரர் ஓய்வு பெறுகிறார். வாழ்த்து மடலில் ‘எல்லோரிடமும் தன்மையாகப் பேசுபவர்’ என்று எழுதிக் கொடுத்தோம். அச்சகத்தில் ‘தண்மையாக’ என்று திருத்திவிட்டார்கள். எது சரி?”

நீங்கள் எழுதியதுதான் சரி. இரண்டு சுழி ‘ன’வையே திரும்பப் போடச் சொல்லுங்கள்.

அச்சகத்துக்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தண்மை என்றால் குளிர்ச்சி. வெயில் காயும் ஊர்க்காரர்கள் நாம். அன்பை ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் பார்த்தே பழகியவர்கள். இன்சொல்லை ‘ஈரம் அளைஇ’, அதாவது அன்பு கலந்தது, என்கிறது குறள் (91). அந்தணர் பூண்டொழுகுவது ‘செந்தண்மை’, அதாவது அருள் (30). ஆனாலும் நம் வாயில் புழங்குவது அந்தச் சொல் இல்லை.

தன்மை என்றால் இயல்பு. நல்லது கெட்டது இரண்டுக்கும் பொது. ‘தன்மையாக’ என்று பேச்சோடு சேரும்போது மட்டும் நல்ல பக்கம் சாய்ந்துவிடுகிறது. ‘குணம்’ மாதிரிதான்: கெட்ட குணமும் குணம்தான், ஆனால் ‘குணமான பிள்ளை’ என்றால் நல்ல பிள்ளை.

சரி, தன்மையாகப் பேசுவது எப்படி இருக்கும்? முறைத் தண்ணீர் ஓடும் நாளில் கடைமடைக்காரர் மேல் வயல்காரரிடம் போகிறார். “ஏண்ணே, நாத்து காயுது. உங்களுக்குப் பாஞ்சதும் ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நானே வந்து மடையைத் திருப்பிக்கிறேன்.” குரல் உயரவில்லை, எதிராளியை இறக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. “என் முறையில நீ எப்படி மடையை அடைப்பே?” என்றும் அதையே கேட்கலாம். நியாயம் இரண்டிலும் ஒன்றுதான். எந்தப் பேச்சுக்குத் தண்ணீர் வரும் என்று டெல்டாக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. (“தன்மையாச் சொன்னா கேக்க மாட்டியா?” என்று தெருவே அதிரக் கத்துவதும் உண்டு. அது வேறு கணக்கு.)

பக்கத்துச் சொற்களில் கவனம் வேண்டும். நயமாகப் பேசுகிறவருக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கும். நைச்சியம் வைணவர்களிடம் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் பணிவு. ஊர்ப்பேச்சில் ஏமாற்று வாடை அடிக்கும். அதை மடலில் போட்டால் தபால்காரர் கோபித்துக்கொள்வார். பதவிசு பேச்சைவிட நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்வது, அதிகமும் பெண்பிள்ளைகளை.

அப்புறம், ‘தன்மையில் பேசினார்’ என்று எழுதிவிடாதீர்கள். இலக்கணம் படித்தவர் ‘நான், நாங்கள்’ என்று பேசியதாக எடுத்துக்கொள்வார். ‘இத்தன்மையான மனிதர்’ என்றாலும் இப்படிப்பட்டவர் என்றுதான் ஆகும். பாராட்டு காணாமல் போய்விடும். ‘தன்மையான மனிதர்’ தாராளமாக எழுதலாம்.

மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முடித்தாகிவிட்டது என்றால் அப்படியே கொடுத்துவிடுங்கள். தண்மையும் நல்ல சொல்தான். படிக்கும்போது மட்டும் ‘தன்மையாக’ என்று படித்துவிடுங்கள்.