அடுப்படிக் கேள்விகள்: ஓட்ஸ் குக்கீயும் மும்பை ஈரமும்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஓட்ஸ் குக்கீ பற்றித்தான். எல்லோருக்கும் பதில் சொல்ல வசதியாக, மாட்டுங்காவில் என் வீட்டு அளவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெண்ணெய் 110 கிராம், நாட்டுச் சர்க்கரை 125 கிராம், முட்டை 1, மைதா 95 கிராம், ஓட்ஸ் 135 கிராம், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், பட்டைப்பொடி அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன். உள்ளே போடும் சாமான் எல்லாம் சேர்த்து 100 கிராம். 180 டிகிரியில் 11, 12 நிமிடம். 22 குக்கீ வரும்.

மாமி, வீட்டில் கடைந்த வெண்ணெயில் செய்தேன். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அடையாக வந்தது. அடுத்த தடவை மைதாவைக் கூட்டினேன், கொழுக்கட்டை மாதிரி உருண்டையாகவே நின்றுவிட்டது. எங்கே தப்பு?
வாசகி, டோம்பிவிலி

தப்பு மைதாவில் இல்லை, வெண்ணெயில். கடை வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பு. மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆடை சேர்த்து வீட்டில் கடைந்ததில் மோர் தங்கிவிடுவதால் தண்ணீர் அதைவிடக் கூடுதல். வெண்ணெயை ஐஸ் தண்ணீரில் இரண்டு முறை அலசி, உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பிசையுங்கள். வெள்ளையாகச் சொட்டுவது நின்ற பிறகு எடை போடுங்கள். அப்புறம் மைதா கூட்டத் தேவையே இருக்காது.

இன்னொன்று, பொறுமை. நம் ஊர் மே மாதச் சமையலறையில் வெண்ணெய் பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். மாவைக் கலந்ததும் பிரிட்ஜில் 40 நிமிடம் வையுங்கள். வைக்கும்போது கரண்டியில் பிசுபிசுவென்று ஒட்டுகிற மாவு, ஓட்ஸ் ஈரத்தைக் குடித்த பிறகு, ஊறிய அதிரச மாவைப் போல ஒட்டாமல் உருட்ட வரும். எலுமிச்சை அளவு உருண்டையாக உருட்டி, லேசாக அழுத்தி, இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். நடுவில் வேகாதது போலத்தான் தெரியும். ட்ரேயிலேயே ஐந்து நிமிடம் விட்டால் இறுகிவிடும். அது இறுகட்டும் என்று உள்ளேயே விட்டால், ஆறியதும் பல்லுக்கு வேலை.

ஓட்ஸ் எது என்று நீங்கள் எழுதவில்லை. தட்டையாக, முழு இதழாக இருக்கும் ரோல்டு ஓட்ஸ் வாங்குங்கள். உடைத்த கோதுமை ரவை மாதிரி இருப்பது கஞ்சிக்கு நல்லது. குக்கீயில் வேகாமல் கற்களாக நிற்கும்.

உள்ளே என்னவெல்லாம் போடலாம்? எவ்வளவு? என் பையன் எல்லாவற்றையும் போடச் சொல்கிறான்.
வாசகி, செம்பூர்

பையன் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் 100 கிராமைத் தாண்டாதீர்கள். மாவு என்பது பிடித்துக்கொள்ளும் கை. சுமை கூடினால் விட்டுவிடும், குக்கீ உதிரும். மூன்று வகை போதும்: கடிபட ஒன்று, இனிக்க ஒன்று, வாசனைக்கு ஒன்று.

கடிபட முந்திரி, பாதாம், அக்ரூட். எதுவானாலும் 150 டிகிரியில் எட்டு நிமிடம் வறுத்து ஆறவிட்டுப் போடுங்கள். போடும் முன் ஒன்றை வாயில் போட்டு மெல்லுங்கள், தயவுசெய்து. போன தீபாவளிக்கு ஒரு கடையில் வாங்கிய அக்ரூட்டை அவசரத்தில் மெல்லாமல் நறுக்கிச் சேர்த்துவிட்டேன். சிக்கு வாடை இரண்டு ட்ரேக்கும் ஏறிவிட்டது. 44 குக்கீ, நல்ல வெண்ணெய், அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று. இன்னும் மனசு ஆறவில்லை.

இனிக்க கிஸ்மிஸ் அல்லது பேரீச்சை. கிஸ்மிஸை அப்படியே போட்டால் அது மாவின் ஈரத்தை உறிஞ்சும், மேலே தெரிகிறவை கருகிக் கசக்கும். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வடித்து, துணியில் ஒற்றி எடுத்துப் போடுங்கள். பேரீச்சையைப் பொடியாக நறுக்கி ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டினால் கட்டி சேராது. மாம்பழம், ஆப்பிள் என்று பச்சைப் பழம் எதுவும் வேண்டாம், அத்தனையும் தண்ணீர். மாம்பழ ருசி வேண்டுமென்றால் நம் ஊரில் ஆம்பா போளி, அதாவது மாம்பழக் கூழைத் தகடாகக் காயவைத்தது, இருக்கிறதே! கத்தரிக்கோலால் மிளகளவு வெட்டிப் போடுங்கள். புளிப்பும் இனிப்புமாக, வெந்த ஓட்ஸோடு அது சேர்கிற சேர்த்தி எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

வாசனைக்குக் கொப்பரைத் துருவலும் வறுத்த எள்ளும். பச்சைத் தேங்காய் போட்டால் இரண்டு நாளில் கெட்டுவிடும்.

சாக்லேட் சிப்ஸ் கிராபர்ட் மார்க்கெட் பக்கம் பேக்கிங் சாமான் விற்கும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு எழுதியிருந்தால் அது காம்பவுண்ட் சாக்லேட். விலை குறைவு, ஆனால் மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டும்.

முட்டை சேர்ப்பதில்லை. வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா?
வாசகி, முலுண்ட்

முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் மூன்று டேபிள்ஸ்பூன். தயிரின் புளிப்பு ஆப்ப சோடாவுக்கும் வேலை கொடுக்கும். நெய் போடலாம், 90 கிராம் போதும். நெய்யில் தண்ணீர் இல்லை, அதை ஈடுகட்ட ஒன்றரை டேபிள்ஸ்பூன் பால் சேருங்கள். குக்கீ கொஞ்சம் நான்கட்டாய் பக்கம் சாய்ந்து மணல் மணலாக உதிரும். என் வீட்டுக்காரருக்கு அதுதான் பிடிக்கும்.

என் கணவருக்குச் சர்க்கரை வியாதி. ஓட்ஸ் நல்லதுதானே, தினம் நாலு கொடுக்கலாமா?
வாசகி, தானே

வேண்டாம் அம்மா. என் அளவில் ஒரு குக்கீக்கு ஐந்தாறு கிராம் சர்க்கரை, அதுவும் கிஸ்மிஸின் இனிப்பைக் கணக்கில் சேர்க்காமல். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து இருக்கிறது, உண்மை. ரத்தக் கொழுப்பைக் குறைக்க அது நாளைக்கு 3 கிராம் வேண்டும் என்பார்கள். அதற்கு ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ் சாப்பிட வேண்டும். ஒரு குக்கீயில் இருப்பது 6 கிராம். அந்த நன்மைக்காக 12 குக்கீ சாப்பிட முடியுமா? ஓட்ஸைக் கஞ்சியாகவோ உப்புமாவாகவோ கொடுங்கள். குக்கீ பண்டிகைப் பண்டமாக இருக்கட்டும். எத்தனை, எப்போது என்பதை அவருடைய டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓவன் இல்லை. குக்கரில் வருமா?
வாசகர், வசாய்

வரும். விசில், கேஸ்கெட் இரண்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பும் அதன்மேல் ஸ்டாண்டும் வைத்துப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு தட்டை வைத்துச் சிறு தீயில் 18 நிமிடம் போல. ஐந்தைந்தாகத்தான் சுட முடியும். அடி சிவக்கும், மேல்பக்கம் வெளுப்பாகவே இருக்கும். ருசியில் குறை இல்லை.

ஜூலையில் செய்தால் மறுநாளே நமுத்துப் போகிறதே?
வாசகி, காட்கோபர்

மழைக்காலத்தில் சர்க்கரை காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். அதனால் குக்கீ முழுக்க ஆறியதும் உடனே டப்பாவில் போட்டு மூடுங்கள்; வெதுவெதுப்பாகப் போட்டால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும். ஒரே பெரிய டப்பாவை நாளுக்கு ஆறு தடவை திறப்பதைவிட, நான்கு சின்ன டப்பா மேல். நமுத்துப் போனதை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிடுங்கள், மொறுமொறுப்பு திரும்பும். நான் மழைக்காலத்தில் ஒரேயடியாகச் சுடுவதே இல்லை. உருட்டிய உருண்டைகளை ஃப்ரீசரில் போட்டு வைத்துவிடுவேன். சாயங்காலம் காபிக்கு அடுப்பில் பால் வைக்கும் முன்பே ஓவனைச் சூடாக்கி, ஆளுக்கு இரண்டு கணக்கில் எடுத்துச் சுடுவேன். ஃப்ரீசரிலிருந்து நேரே போட்டால் இரண்டு நிமிடம் கூடுதலாக வேண்டும்.