ஸ்டீயரிங் வீல் இல்லாமல் வெறும் கன்ட்ரோலரில் எஃப்1 கேம் ஓட்டினால் வளைவுக்கு வளைவு கார் சுழல்கிறதே, என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: ஞாயிறு ரேஸ் பார்க்கும் சாதாரண ரசிகர், ஃபார்முலா 1 கார் ரேஸ் கேமான எஃப்1 25 வாங்கியிருக்கிறீர்கள், கையில் கன்ட்ரோலர் மட்டும். மூன்றாவது வளைவைத் தாண்டுவதற்குள் கார் சுழன்று வந்த திசையைப் பார்த்து நிற்கிறது. "அசிஸ்ட் போட்டு ஓட்டுவதெல்லாம் ஓட்டமா, முதலில் வீல் வாங்கு" என்கிறார்கள் நண்பர்கள்.

இப்போதைக்கு வீல் வாங்காதீர்கள். அசிஸ்டைப் பற்றி, அதாவது கேமே பாதி வேலையைப் பார்த்துக்கொடுக்கும் உதவி வசதிகளைப் பற்றி, கூச்சப்படவும் வேண்டாம். கார் சுழல்வது உங்கள் வலது ஆள்காட்டி விரலால்தான். தினம் அரை மணி நேரம் கவனித்துப் பழகினால் அந்த விரல் திருந்திவிடும்.

சுமார் 1000 குதிரைத்திறன், அவ்வளவும் பின்சக்கரங்களுக்கு மட்டும் போகிற கார் இது. வேகமாகப் போகும்போது இறக்கைகளும் அடித்தளமும் காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் வேகம் பாதியானால் அந்த அழுத்தம் கால்பங்காகிவிடும். அதனால்தான் 250 கிலோமீட்டர் வேகத்தில் தண்டவாளத்தில் போவதுபோல் இருக்கும் கார், 80 கிலோமீட்டர் வேக வளைவில் சோப்பு மேல் நிற்கிறது. அங்கே டயர் ரப்பரின் பிடி ஒன்றுதான் துணை. அந்த நேரத்தில் ஆர்2வை (ஆக்ஸிலரேட்டராக வேலை செய்யும் வலது டிரிக்கர்) ஒரே அழுத்தாக அழுத்தினால் பின்டயர் வழுக்கிச் சுற்றும், வால் முன்னால் வந்துவிடும்.

விரலுக்குப் பழக்க வேண்டியது இதுதான். வளைவின் உள்விளிம்பைக் கார் தொடும்போது டிரிக்கர் கால்பங்கு மட்டும். பிறகு காரைத் திருப்பும் ஸ்டிக்கை நேராக்க நேராக்க விரலை இறக்குங்கள். ஸ்டிக் நடுவுக்கு வரும்போதுதான் டிரிக்கர் அடிமட்டத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் நினைத்துக்கொண்டால், ஒன்று விட்டால்தான் மற்றது போகும். மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போது எஞ்சின் உச்சத்துக்கு வரும்வரை காத்திருக்காமல், இரண்டாவது கியரிலிருந்து சீக்கிரமே மூன்றுக்கு மாற்றிவிடுங்கள். சக்கரத்துக்குப் போகும் முறுக்கு குறையும், வால் அடங்கும். ஆட்டோமேட்டிக் கியர் இதைச் செய்யாது. கீழ்க் கியரிலேயே நின்று எஞ்சினைக் கத்தவிடும். ஆட்டோமேட்டிக்கில் ஓட்டுபவர்களுக்கு வெளியேறும்போது சுழல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து கன்ட்ரோலர் அளவீடு. செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பக்கத்துக்குள் போனால் ஸ்டீயரிங், ஆக்ஸிலரேட்டர், ப்ரேக் மூன்றுக்கும் டெட்ஸோன், லீனியாரிட்டி, சாச்சுரேஷன் என்று தனித்தனி எண்கள் இருக்கும். எவ்வளவு அசைவைக் கேம் கண்டுகொள்ளாது என்பது டெட்ஸோன், ஆரம்ப அசைவை எவ்வளவு மென்மையாக்குவது என்பது லீனியாரிட்டி, எவ்வளவு சீக்கிரம் முழு அளவை எட்டுவது என்பது சாச்சுரேஷன். ஸ்டிக்கைத் தொடாமல் அங்குள்ள பட்டையைப் பாருங்கள். தானாக நடுங்கினால் ஸ்டிக் தேய்ந்திருக்கிறது. டெட்ஸோனை ஒவ்வொன்றாக ஏற்றிப் பட்டை அசையாமல் நின்ற இடத்தில் விடுங்கள். பழைய கன்ட்ரோலராக இருந்தாலும் பெரும்பாலும் 5ஐத் தாண்டாது. ஸ்டீயரிங் லீனியாரிட்டியை 20க்குப் பக்கத்தில் வைத்தால் நடுப்பகுதி மென்மையாகும், நேர்சாலையில் கார் பாம்புபோல் நெளியாது. 50க்கு மேல் போகாதீர்கள்: நடுவில் ஒன்றுமே நடக்காது, பிறகு சட்டென்று வெட்டும், அதைத் திருத்தப் போய் மறுபக்கம் சுழலும். ஆக்ஸிலரேட்டருக்கும் 10 முதல் 20 வைத்தால் கால்பங்கு அழுத்துவது எளிதாகிவிடும். ப்ரேக் டிரிக்கரை முழுக்க அழுத்தியும் ப்ரேக் பட்டை 100ஐத் தொடவில்லையென்றால் ப்ரேக் சாச்சுரேஷனைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

ப்ரேக்கை டிவியில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊர்ச் சாலையில் மெதுவாக ஆரம்பித்துக் கடைசியில் அழுத்துவோம். இங்கே நேர் எதிர். 300க்கு மேலான வேகத்தில் காற்றழுத்தம் டயரைத் தரையில் புதைத்து வைத்திருக்கும்போது முழு ப்ரேக். வேகம் குறையக் குறைய அழுத்தமும் குறைவதால், அதே அளவு ப்ரேக்கை டயர் தாங்காது. முன்டயர் சுற்றாமல் பூட்டிக்கொண்டு புகையும், எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகும். எனவே 100 சதவீதத்தில் ஆரம்பித்து, 70, 40 என்று விட்டுக்கொண்டே வந்து, திருப்ப ஆரம்பிக்கும்போது 10, 15 மிச்சம் இருக்க வேண்டும். அந்த மிச்சம்தான் மூக்கைக் கனமாக்கி உள்ளே இழுக்கும். முழுவதுமாக விட்டுவிட்டுத் திருப்பினால் மூக்கு வெளியே ஓடும். முழு ப்ரேக்கோடு திருப்பினால் முன்டயர் பூட்டிக்கொள்ளும், அல்லது வால் ஓடும்.

இப்போது அசிஸ்ட். எல்லாவற்றையும் ஒரே நாளில் அணைக்கச் சொல்பவர் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை, விரட்டுகிறார். முதலில் அணைக்க வேண்டியது ஸ்டீயரிங் அசிஸ்ட். அது உங்கள் கையோடு சண்டை போடும், நீங்கள் செய்த தவறு எது என்றே தெரியாமல் போகும். அடுத்தது ப்ரேக்கிங் அசிஸ்ட். தேவைக்கு முன்பே அது அழுத்திவிடும், மேலே சொன்ன விரல் பழக்கம் வரவே வராது. இந்த இரண்டும் போன பிறகு ரேசிங் லைனை (எந்த வழியில் ஓட்டுவது என்று தடத்தில் காட்டும் கோடு) வளைவுகளுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். முழுக் கோடு இருந்தால் கண் காரின் மூக்குக்கு முன்னாலேயே நிற்கும். அடுத்த வளைவைப் பார்க்காது. பிறகு டிராக்‌ஷன் கன்ட்ரோலை (பின்சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுப்பது) முழுதிலிருந்து நடுத்தரத்துக்கு. அதன்பின் மேனுவல் கியர். ப்ரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸைக் கடைசிக்கு வையுங்கள். கன்ட்ரோலர் டிரிக்கரின் பயணம் ஓர் அங்குலம்கூட இல்லை. அந்தக் குறுகிய இடத்தில் பூட்டும் எல்லையைத் தேடுவது காலால் பெடல் மிதிப்பதைவிடக் கடினம். அணைக்காமலே ஓட்டினாலும் குற்றமில்லை.

இதைப் படித்ததும் "நிஜ டிரைவருக்கு ஏபிஎஸ் உண்டா?" என்று யாராவது கீழே கேட்பார்கள். இன்று இல்லை, சரி. ஆனால் 1993ல் அலேன் ப்ராஸ்ட் சாம்பியன் ஆன வில்லியம்ஸ் காரில் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் இரண்டும் இருந்தன. 1994க்குத்தான் தடை வந்தது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் 2001 நடுவில் மறுபடி அனுமதிக்கப்பட்டு 2007 முடியும்வரை இருந்தது. ஷூமாக்கரின் 2002, 2003, 2004 பட்டங்கள் அந்தக் காலத்தவை. 2005ல் நம் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் ஓடியபோதும் விதி அதை அனுமதித்தது. அவர்களை யாரும் ஓட்டத் தெரியாதவர்கள் என்று சொல்வதில்லை. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆடுகிறவரை மட்டும் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? இந்தப் பேச்சைக் கேட்டே எத்தனையோ பேர் கேமை மூடி வைத்துவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பழக மொனாக்கோ தடம் வேண்டாம். சுவருக்கும் டயருக்கும் இடையே இடமே இல்லை. ஆஸ்திரியாவின் ரெட்புல் ரிங் எடுங்கள். பத்தே வளைவு, ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்குச் சற்றே மேல், அரை மணியில் இருபது சுற்றுக்கு மேல் ஓடிவிடலாம். மூன்றாவது வளைவு ஏற்றத்தில் இருக்கிறது. ஏற்றமே பாதி ப்ரேக் போடும், ஆனால் உள்விளிம்பு தாமதமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். திருப்புவதை ஒரு கணம் தள்ளிப்போடுங்கள். நான்காவதில் சீக்கிரம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வெளிப்பக்கச் சரளையில் முடியும். கடைசி இரண்டு வளைவுகளில் வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் சுற்று செல்லாது. 2023ல் நிஜ ரேஸிலேயே எல்லை மீறலுக்காக 1200க்கு மேற்பட்ட சம்பவங்களைப் பரிசீலிக்க வேண்டி வந்த தடம் அது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பழகுவதற்கு இதைவிட நல்ல தடம் நம் நாட்டிலேயே இருந்தது. கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட், 5.125 கிலோமீட்டர், அகலமான நுழைவுகள், தவறினால் ஒதுங்க இடம். 2011 முதல் 2013 வரை மூன்றே ரேஸ், மூன்றையும் வென்றவர் செபாஸ்டியன் வெட்டல். விளையாட்டா கேளிக்கையா என்ற வரித் தகராறில் ரேஸ் போனது, காலண்டரில் இல்லாததால் கேமிலிருந்தும் போனது. அந்தத் தடத்தின் ஏற்ற இறக்கம் தெரியாமலே ஒரு தலைமுறை இந்திய ரசிகர்கள் இந்த கேமை ஆடுகிறார்கள்.

சரி, ரேஸ் அமைப்பு. கேமே ஓட்டும் எதிரிக் கார்களின் திறமையைக் குறிக்கும் ஏஐ அளவு 0 முதல் 110 வரை. ஊகித்து வைக்காதீர்கள். 50ல் ஒரு தகுதிச் சுற்று ஓட்டி, அதே கார் ஓட்டும் உங்கள் அணித்தோழரின் நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். அவரைவிட அரை விநாடி வேகமென்றால் ஏற்றுங்கள், மெதுவென்றால் இறக்குங்கள். தடத்துக்குத் தடம் இது மாறும். காரின் செட்டப்பில் தயாராக உள்ளவற்றில், காரைத் தரையோடு அழுத்தும் காற்றழுத்தம் கூடிய பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். நேர்சாலையில் கொஞ்சம் இழப்பீர்கள், வளைவில் பிடி கிடைக்கும். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதான டிஃபரென்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களும் எவ்வளவு சேர்ந்து சுற்றுவது என்பது) எண்ணைக் குறைத்தால் வால் இன்னும் அடங்கும். ஓட்டத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் ஃப்ளாஷ்பேக்கைப் போட்டு வையுங்கள், ஆனால் சுழன்ற இடத்துக்குப் போகாமல் ப்ரேக் தொட்ட இடம்வரை பின்னோக்கிப் போய் மறுபடி ஓட்டுங்கள். தவறு அங்கேதான் நடந்திருக்கும். முதல் சுற்றின் முதல் வளைவில் வழக்கத்தைவிட 50 மீட்டர் முன்பே ப்ரேக் போடுங்கள். டயர் சூடேறியிருக்காது, முன்னால் போகிற கார் உங்கள் முன்னிறக்கைக்கு வரவேண்டிய காற்றைக் கலைத்திருக்கும்.

இவ்வளவும் வசப்பட்டு, ஆறு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் வீல் வாங்குங்கள். அப்போது வீலைச் சுழற்றும் விசைக்கு என்பதைவிட ப்ரேக் பெடலுக்குப் பணத்தைச் செலவிடுங்கள். அழுத்தத்தை அளக்கும் லோட்செல் பெடல்தான் நேரத்தைக் குறைக்கும். 900 டிகிரி சுழலும் வீலை இந்த காருக்கு 360க்கு இறக்க வேண்டும். மேசை விளிம்பு கிளாம்ப் பிடிக்கும் தடிமனா என்று முன்பே அளந்து பாருங்கள். உருளும் நாற்காலி என்றால் முழு ப்ரேக் மிதித்ததும் நீங்கள்தான் பின்னால் போவீர்கள். நாற்காலியின் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு பழைய ஷூவுக்குள் வைத்துவிட்டால் அசையாது.