வீட்டை அடகு வைக்கும் முன் மகளின் கைப்பேசியைப் பாருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, புக்கிட் மெர்தாஜத்திலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க என்னைப் பார்க்க வந்தது. அப்பாவுக்கு 52 வயது, பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அம்மா வீட்டிலேயே தைக்கிறார். மகள் உயிரியலில் இளங்கலை முடித்துப் பட்டம் வாங்கியிருக்கிறாள். கூடவே கிள்ளானிலிருந்து பெரியப்பா. பேச ஆரம்பித்தவர் அவர்தான்.

"சார், எஸ்.டி.பி.எம். பரீட்சை முடிச்சப்ப இவளுக்கு மெடிசின் கிடைக்கல. இப்பவும் வயசு இருக்கு, 23தான் ஆகுது. வெளிநாட்டுல ஒரு இடம் பேசி வச்சிருக்கோம், ஆறு வருஷம். வீட்டு மேல லோன் எடுத்து, தம்பியோட இ.பி.எஃப். சேமநிதியிலயும் கொஞ்சம் எடுத்தா முடிஞ்சிடும். நம்ம குடும்பத்துல ஒரு டாக்டர் வேணும் சார்."

இப்படி வருகிறவர்களிடம் முதலில் தேநீர் கொடுத்து, பதறாதீர்கள், பேசலாம் என்றுதான் சொல்வேன். அன்றும் சொன்னேன். ஆனால் ஏஜெண்ட் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்ததும் அந்த மென்மை போய்விட்டது. மூன்றரை லட்சம் வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டிருந்தது. விடுதி, விமான டிக்கெட், நாணய மாற்று ஏறினால் யார் தலையில் விழும் என்பது, எதுவும் அதில் இல்லை. அந்தப் பல்கலைக்கழகம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பட்டியலில் இல்லையென்றால் திரும்பி வந்த பிறகு தனியாக ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும்.

சரி, எல்லாம் நல்லபடியாகவே நடக்கட்டும். ஆறு வருடம் படிப்பு, இரண்டு வருடம் ஹவுஸ்மேன்ஷிப் என்னும் மருத்துவமனைப் பயிற்சி. அப்போது மகளுக்கு 31, அப்பாவுக்கு 60. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதில் வீட்டுக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்களை அரசாங்கம் ஒப்பந்த அடிப்படையில்தான் எடுத்து வருகிறது. நிரந்தரப் பதவி கேட்டு 2021 ஜூலை 26 அன்று அவர்கள் வெளியே வந்து நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். மருத்துவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதையே மூச்சாக நினைக்கும் பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் பொருட்டே இல்லை. இந்தப் பிள்ளை அப்படிப்பட்டவளா? அன்று நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

இ.பி.எஃப். பற்றி அப்பாவிடம் கண்டிப்பாகவே பேசினேன். 2024 மே மாதத்திலிருந்து நம் சந்தா மூன்று கணக்காகப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்கு, 15 செஜாத்ராவுக்கு, 10 ஃபிளெக்சிபலுக்கு. படிப்புக்கு எடுப்பது அந்த 15 விழுக்காடு சேரும் கணக்கிலிருந்து. வீட்டுக்கு, மருத்துவச் செலவுக்கு என்று நாளைக்கு நீங்கள் கை வைக்கப்போவதும் அதே கணக்கில்தான். அண்ணே, இதை எடுத்தால் திரும்ப நிரப்ப உங்களுக்கு எட்டு வருடம்தான் இருக்கிறது, போதாது என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

அப்புறம் மகளிடம் திரும்பினேன். "கடைசி வருஷம் என்னம்மா பண்ணின?"

அதுவரை மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தவள் கைப்பேசியை எடுத்தாள். ஒரு படம். இருட்டில் ஒரு வட்டத் தட்டு, அதில் புள்ளி புள்ளியாக ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பாக்டீரியாக் கூட்டங்கள். செம்பனை ஆலைக் கழிவுநீர் ஓடும் மண்ணிலிருந்து எடுத்தவையாம். நைல் ரெட் என்ற சாயத்தைச் சேர்த்துப் புற ஊதா ஒளியில் வைத்தால், உடம்புக்குள் பிளாஸ்டிக் சேர்த்து வைத்திருக்கும் பாக்டீரியா மட்டும் இப்படி ஒளிருமாம். ஒளிராத தட்டுகளின் படமும் இருந்தது, பதினொன்று. ஏன் ஒளிரவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னாள். பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். அதற்கு முன் மருத்துவத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம், அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா இதைக் கவனித்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

டீச்சர் பயிற்சி, வங்கி வேலை, எம்.பி.ஏ. பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் நாலு பேர் சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: ஆய்வுவழி முதுகலை.

நம் ஆட்கள் முதுகலை என்றால் மறுபடி வகுப்பு, மறுபடி பரீட்சை, மறுபடி கட்டணம் என்று நினைக்கிறார்கள். ஆய்வுவழி என்பது வேறு. ஒரு மேற்பார்வையாளர், ஒரு ஆய்வுக்கூடம், இதுவரை யாரும் பதில் காணாத ஒரு சிறிய கேள்வி. இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டி ஆய்வேடு எழுத வேண்டும். பேராசிரியர் கையில் ஆய்வு நிதி இருந்தால், மாணவரையே ஆய்வு உதவியாளராக எடுத்து மாதாமாதம் உதவித்தொகை கொடுப்பார். படிக்கிற பிள்ளை கையில் கொஞ்சம் பணம் வரும். மூன்றரை லட்சம் கட்டும் பேச்சே கிடையாது.

பினாங்கில் இருந்துகொண்டு இதைத் தேடி எங்கும் ஓட வேண்டியதில்லை. குளுகோரில் 1969லிருந்து நிற்கிறது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியர் சுதேஷ் குமாரின் ஆய்வுக்கூடம் பல வருடங்களாகச் செய்துவருவது இந்தப் பெண்ணின் கைப்பேசியில் இருந்த அதே விஷயத்தைத்தான். குப்ரியாவிடஸ் நெகாட்டர் என்று ஒரு பாக்டீரியா. நைட்ரஜனைக் குறைத்துவிட்டுச் செம்பனை எண்ணெயைத் தாராளமாகக் கொடுத்தால், பஞ்ச காலத்துக்குச் சேமிப்பதுபோல் அது தன் உடம்புக்குள் பி.எச்.ஏ. என்னும் பிளாஸ்டிக்கை மணி மணியாகச் சேர்க்கும். உலர்ந்த எடையில் 80 விழுக்காடு வரைகூடப் போகும். மண்ணில் மக்கிப் போகும் பிளாஸ்டிக் அது. அந்த மணிகளை வெளியே எடுக்கக் காட்டமான கரைப்பான் வேண்டும், செலவும் அதிகம். அதற்கு அந்தக் கூடத்தில் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும்: பாக்டீரியாவை உலர்த்தி மீல்வோர்ம் புழுவுக்குத் தீனியாகப் போடுவது. பறவை வளர்ப்பவர்கள் கடையில் வாங்குவார்களே, அந்தப் புழுதான். புழு பாக்டீரியாவைத் தின்று செரிக்கும், பிளாஸ்டிக் மணிகள் மட்டும் செரிக்காமல் எச்சத்தில் வந்துவிடும். அதைக் கழுவி எடுக்கலாம். 2016லேயே இது ஆய்வுக் கட்டுரையாக வந்துவிட்டது.

இந்த ஒரே வேலைக்குள் எத்தனை துறை இருக்கிறது என்று பாருங்கள். பாக்டீரியா வளர்ப்பது உயிரியல். வந்த பிளாஸ்டிக் நொறுங்குகிறதா வளைகிறதா, எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று பார்ப்பது பொருள் வேதியியல். பி.எச்.ஏ. வகையில் முதலில் தெரியவந்த பி.எச்.பி. 1926லேயே பாரிஸில் கண்டுபிடிக்கப்பட்டது, ஆனால் அது எளிதில் உடையும். அதன் சங்கிலியில் வேறொரு கண்ணியைக் கோத்து நெகிழ வைப்பதுதான் வேதியியல்காரர்களின் பாடு. எந்த மரபணு எந்தக் கண்ணியைக் கோக்கிறது என்று தேடப் போனால் கணினி வந்துவிடும். இந்தப் பாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பு 2006ல் வெளியானது. சுமார் 74 லட்சம் எழுத்துகள். நோட்டுப் புத்தகத்தில் தேட முடியுமா? லினக்ஸ் திரையில் கட்டளை அடிக்கவும், பைத்தானில் நாலு வரி எழுதவும் தெரிந்தாக வேண்டும். 2024ல் வேதியியல் நோபலில் பாதி, புரதத்தின் வடிவத்தைக் கணினியால் கணித்த ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் போனது. காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா குறுக்கே பேசினார். "எங்க அம்மா நிபோங் திபால் பக்கம் தோட்டத்துல பால் வெட்டினவங்க சார். மரத்துல இருந்து பால் எடுக்கிற மாதிரி, இவ பூச்சியில இருந்து பிளாஸ்டிக் எடுக்கிறாளா?" நான் சொன்னதைவிடச் சரியாகச் சொல்லிவிட்டார். 2013ல் ரப்பர் மரத்தின் மரபணுத் தொகுப்பு வரைவை வெளியிட்ட குழுவில் முன்னின்றதும் இதே பல்கலைக்கழகத்தின் வேதி உயிரியல் மையம்தான் என்று அவரிடம் சொன்னேன். பாட்டி வெட்டிய மரம் ஏன் பால் தருகிறது என்பதைப் படிக்கிற இடம் பாலத்தைத் தாண்டினால் இருக்கிறது.

பெரியப்பா விடவில்லை. "படிச்சு முடிச்சா வேலை?" நியாயமான கேள்வி. விரிவுரையாளர் பதவி கைமேல் கிடைக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த இடங்கள் குறைவு. அதனால்தான் முனைவர் பட்டத்தில் நேரே குதிக்காமல் முதுகலையோடு ஒரு மூச்சு விடச் சொல்கிறேன். ஆனால் கணினிச் சில்லு செய்யும் இண்டெலும் மருத்துவக் கருவி செய்யும் பி. பிரவுனும் 1972லிருந்து பாயான் லெப்பாஸில் இருக்கின்றன. மின்னணுத் தொழிற்சாலைகளில் பழுதான சில்லை அறுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க ஆள் வேண்டும், மருத்துவக் கருவி செய்யும் இடங்களில் கிருமி, பொருள் சோதனைக்கு ஆள் வேண்டும். ஆய்வு மாணவி இரண்டு வருடம் தன் கையாலேயே ஓட்டிப் பழகும் கருவிகள் இவை. நேர்முகத்தில் "படித்திருக்கிறேன்" என்பவருக்கும் "இருநூறு மாதிரி பார்த்திருக்கிறேன், இதில் இப்படித் தவறு வரும்" என்பவருக்கும் உள்ள வித்தியாசம், கேட்கிறவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மகளிடமும் கறாராகத்தான் பேசினேன். நிதி இல்லாத மேற்பார்வையாளரிடம் சேரக்கூடாது. என்னிடம் வந்த ஒரு பையன், "பணம் வரும், வா" என்ற வாய்ப்பேச்சை நம்பிச் சேர்ந்தான். எட்டாவது மாதம் நிதி நின்றது. இரவில் உணவு விநியோகம் செய்துகொண்டே ஆய்வேட்டை முடித்தான். கண்ணெல்லாம் குழி விழுந்து என் முன்னால் வந்து உட்கார்ந்தான். அந்த முகம் எனக்கு மறக்காது. ஆகவே கேள். நிதி எந்த மாதம் வரை இருக்கிறது, உதவித்தொகை எவ்வளவு, தாமதமானால் யார் பொறுப்பு, கல்விக் கட்டணம் அதில் அடங்குமா? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு. அதைவிட முக்கியமானது, அதே கூடத்தில் இப்போது படிக்கும் இரண்டு மாணவர்களோடு கேண்டீனில் தனியாக உட்கார்ந்து பேசு. எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், பேராசிரியர் வரைவைத் திருத்தித் தர எத்தனை வாரம் ஆகிறது என்று கேள். எந்தக் கையேட்டிலும் இல்லாத விஷயம் அந்த மேசையில் வரும்.

பாக்டீரியா வார விடுமுறை பார்க்காது, தீபாவளிக்கு முதல் நாள்கூட ஒரு தட்டைப் பார்க்கப் போக வேண்டியிருக்கும், ஆறு மாத வேலை ஒரு பூஞ்சையால் பாழாகும் என்பதையும் சொன்னேன். "தெரியும் சார், பதினோரு தட்டு" என்றாள்.

என் மேசையிலேயே உட்கார்ந்து மூன்று பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதினாள். ஒவ்வொன்றும் ஆறு வரி. அவர்களின் ஒரு கட்டுரையைப் படித்து அதில் எழுந்த ஒரு கேள்வி, தன் ஆய்வில் எது சரியாக வரவில்லை என்று ஒரு வரி, அந்த ஆரஞ்சுப் படம். சான்றிதழ்களை அடுக்கி அனுப்ப வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

பெரியப்பா இன்னும் சமாதானமாகவில்லை. ஏஜெண்டிடம் முன்பணம் கட்ட வேண்டாம் என்பதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார். இப்போதைக்கு எனக்கு அது போதும்.

செவ்வாய்க்கிழமை அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி. ஒருவர் பதில் போட்டிருக்கிறார், வியாழன் பத்து மணிக்குக் கூடத்தை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஷிப்டை மாற்றிக்கொண்டு தானும் கூடப் போகலாமா, பெர்ரியில் போய் பஸ் பிடித்தால் நேரத்துக்குப் போய்விடலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாகப் போங்கள் அண்ணே, ஆனால் பேராசிரியர் அறைக்குள் அவள் தனியாகப் போகட்டும் என்று பதில் போட்டேன். சிலிப்பர் போட்டு வந்தால் கூடத்துக்குள் விட மாட்டார்கள், மூடிய காலணி போடச் சொல்லுங்கள் என்றும்.