38 சதவீதம் என்பது 100 பேரில் 38 பேர் அல்ல

உங்கள் தந்தை எடுக்கும் எம்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரை, இதய, இரத்தநாள நோயால் வரும் இறப்பை 38 சதவீதம் குறைத்தது என்ற செய்தியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை எடுத்த 100 பேரில் 38 பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள் என்று நீங்கள் புரிந்துகொண்டது தவறு. அந்தச் செய்திக்கு அடிப்படையான ஆய்வில், இதய, இரத்தநாள நோயால் இறக்காமல் கூடுதலாகப் பிழைத்தவர்கள் 100-க்கு ஏறக்குறைய 2 பேர்தான்.

அந்த 38 என்ற எண் 2015-இல் வெளியான எம்பா-ரெக் ஆய்விலிருந்து வருகிறது. இதய, இரத்தநாள நோயால் இறந்தவர்கள் மருந்துக் குழுவில் 3.7 சதவீதம், போலி மாத்திரைக் குழுவில் 5.9 சதவீதம். வித்தியாசம் 2.2. அதை 5.9-ஆல் வகுத்தால் சுமார் 37 சதவீதம் வரும். இறப்பு நேர்ந்த காலத்தையும் சேர்த்துக் கணக்கிடும்போது அது 38 ஆனது. 2.2, 38 இரண்டுமே உண்மையான எண்கள்தான். ஆனால் செய்தித் தலைப்புகளுக்குப் பெரிய எண்தான் பிடிக்கும். நீங்கள் சறுக்கியதும் அங்கேதான் இருக்கும்.

அடுத்த முறை இப்படிச் சரிபாருங்கள்:

1. கட்டுரையின் முடிவு அட்டவணையில் இரு குழுக்களின் சதவீதத்தையும் தேடிக் கழியுங்கள்.
2. 100-ஐ அந்த விடையால் வகுங்கள். இங்கே 45 வருகிறது. சுமார் 3 ஆண்டுகள் 45 பேருக்கு மருந்து கொடுத்தால் இதய, இரத்தநாள நோயால் வரும் ஓர் இறப்பு தவிர்க்கப்படும். ஒரு மாத்திரைக்கு இது சிறிய சாதனை அல்ல என்பது என் கருத்து.

ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் ஏற்கெனவே இதய, இரத்தநாள நோய் உள்ள இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகள். உங்கள் தந்தைக்கு இதய, இரத்தநாள நோய் இல்லையென்றால் இந்த 2.2-ஐ அப்படியே அவருக்குப் பொருத்த முடியாது. பலன் குறைவாகவே இருக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.