கொரோனா ஊரடங்கில் ஆப்டோமெட்ரி முதலாமாண்டை வீட்டிலிருந்தே எப்படிப் படித்து முடித்தீர்கள்?

ஆப்டோமெட்ரி என்பது கண் பரிசோதித்துக் கண்ணாடிப் பவர் கணிக்கும் படிப்பு. நான் 2020 கடைசியில் சேர்ந்தவள். கல்லூரி மதுரையில், வீடு பாம்பனில். நாலு வருடப் படிப்பு. மூன்று வருடம் பாடம், கடைசி வருடம் இன்டர்ன்ஷிப். இடையில் கொஞ்ச நாள் நேரில் வகுப்பு நடந்தது. 2021 மே மாதம் முழு ஊரடங்கு போட்டதும் திரும்ப மூட்டை கட்டி ஊருக்கு வந்துவிட்டோம். மற்றதெல்லாம் போன் திரையில்தான்.

சிக்னல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் எங்கள் கரைப்பக்கம் வந்து நகராமல் நின்றது. கரண்டும் இல்லை, டவரும் இல்லை. மற்ற நாட்களில் வீடியோவை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் கேட்டேன். அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரிக்கு அதுவே போதும். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்துவிடலாம்.

ஆப்டிக்ஸ், அதாவது ஒளியும் லென்ஸும் பற்றிய பாடம்தான் அப்படி வராது. போனில் கேட்டால் அது வெறும் கணக்கு. சூத்திரத்தில் எண்ணைப் போட்டு மார்க்கும் வாங்கிவிடலாம். ஆனால் ஒரு லென்ஸைக் கையில் கொடுத்து "இது பிளஸ்ஸா மைனஸா", அதாவது ஒளியைக் குவிப்பதா விரிப்பதா என்று கேட்டால் முழிப்போம். அதனால் என் பதில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான்.

அப்பாவுக்கு வெள்ளெழுத்து. வலை பின்னும்போது மட்டும் பிளஸ் 2 கண்ணாடி போடுவார். மத்தியானம் அவர் தூங்கும்போது அதை எடுத்துக்கொள்வேன். அறையை இருட்டாக்கி, கடல் பக்கத்து ஜன்னலை மட்டும் திறந்து, எதிர்ச்சுவரிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி லென்ஸைப் பிடித்தால், தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் வள்ளங்கள் சுவரில் தலைகீழாக, கொடி முதற்கொண்டு தெளிவாக விழும். ஒளி எவ்வளவு குவிகிறது, விரிகிறது என்ற அளவுதான் வெர்ஜென்ஸ்; குவிந்தால் பிளஸ், விரிந்தால் மைனஸ். தூரத்திலிருந்து வரும் ஒளியின் வெர்ஜென்ஸ் பூஜ்யம், லென்ஸ் +2 சேர்க்கிறது, ஆக +2. ஒன்றை அந்த இரண்டால் வகுத்தால் பிம்பம் விழும் தூரம், அரை மீட்டர். ராத்திரி அதே லென்ஸை பல்பிலிருந்து சரியாக ஒரு மீட்டர் தள்ளிப் பிடியுங்கள். வரும் ஒளி −1, லென்ஸ் +2, மிச்சம் +1. பிம்பம் அந்தப் பக்கம் ஒரு மீட்டரில் விழ வேண்டும். விழும். ஸ்கேலை வைத்து அளந்து பார்த்த பிறகு குறி மாறுவது பற்றிய குழப்பம் எனக்கு வரவே இல்லை.

அடுத்தது நியூட்ரலைசேஷன், அதாவது லென்ஸை ஆட்டிப் பார்த்தே அதன் பவரைக் கண்டுபிடிப்பது. லென்ஸைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, தெருமுனை கரண்டு கம்பத்தைப் பாருங்கள். லென்ஸை வலப்பக்கம் நகர்த்தும்போது கம்பம் இடப்பக்கம் ஓடினால் பிளஸ், கூடவே வந்தால் மைனஸ். லென்ஸைச் சக்கரம் போலச் சுழற்றும்போது கம்பம் சாய்ந்து கொடுத்தால் அதில் சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கூடுதலாக இருக்கும் பவர்) இருக்கிறது. தங்கச்சி கண்ணாடி, பக்கத்து வீட்டு டீச்சர் கண்ணாடி என்று தெருவில் ஒன்றையும் விடவில்லை.

அனாட்டமிக்குக் கடற்கரையில் இருப்பது பெரிய வசதி. மீன் குழம்பில் தலை சாப்பிடும்போது கண்ணுக்குள் கெட்டியாக ஒரு வெள்ளை உருண்டை வருமே, அதுதான் லென்ஸ். பச்சை மீனில் அது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். பெரிய பாரை மீனாகப் பார்த்துப் பிளேடால் கீறி எடுத்து, செய்தித்தாள் எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து பெரிதாகத் தெரியும். வெந்ததும் வெள்ளையாவது, உள்ளே இருக்கும் புரதம் சூட்டில் திரள்வதால். நம் கண்ணில் புரை விழுவதும் லென்ஸ் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதால்தான், சூடு இல்லாமல், மெதுவாக. அப்பத்தாவுக்குத்தான் கோபம். "குழம்புக்கு வச்ச தலையில என்னடி நோண்டுற?"

சரி, மீனுக்கு ஏன் உருண்டை லென்ஸ், நமக்கு ஏன் தட்டை? நம் கண்ணின் மொத்தத் திறன் 60 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) சொச்சம். அதில் 43 அளவுக்கு, கண்ணின் முன்பக்கம் தெளிவாக இருக்கும் கார்னியாவே பார்த்துக்கொள்கிறது. தண்ணீருக்குள் அது எடுபடாது. கார்னியாவின் ஒளிவிலகல் எண் 1.376, தண்ணீர் 1.33, கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் மீனுக்கு வேலை முழுக்க லென்ஸ் தலையில். எங்கள் பக்கம் பாசி எடுக்க முங்கும் பெண்கள் கண்ணாடி மாட்டாமல் இறங்க மாட்டார்கள். முன்னால் கொஞ்சம் காற்று நின்றால்தான் கார்னியா வேலை செய்யும். சித்தியிடம் இதை விளக்கினேன். "இதுக்கா மதுரைக்குப் பணம் கட்டுற?" என்றார்.

இன்னொன்று. கண் படிப்பு என்று தெரிந்தால் ஊரே வாசலுக்கு வரும், அதுவும் ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்திருந்த நேரம். வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடப்பவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வது சகஜம். மாஸ்க் போட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மூக்குப் பக்கத்து வெள்ளைவிழியிலிருந்து முக்கோணமாகச் சதை கார்னியா மேல் ஏறியிருக்கும். லிம்பஸ் (கார்னியாவும் வெள்ளைவிழியும் சேரும் ஓரம்) எங்கே, கன்ஜங்டைவா (வெள்ளைவிழி மேல் இருக்கும் மெல்லிய சவ்வு) எங்கே என்று எனக்கு அதில்தான் தெளிவானது. ஆனால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சொட்டு மருந்து பெயர் கேட்பார்கள், சொல்லக் கூடாது. முதலாமாண்டில் நமக்கு அந்தத் தகுதி கிடையாது. "டாக்டரிடம் காட்டுங்க மாமா" என்று அனுப்பிவிடுங்கள்.

வீட்டில் வராதவையும் உண்டு. ரெட்டினோஸ்கோப்பி (கண்ணுக்குள் ஒளி அடித்துப் பவர் கணிப்பது), ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) இரண்டையும் யூடியூபில் எவ்வளவு பார்த்தாலும் கை பழகாது. அதற்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட தோழிகள் இருக்கிறார்கள். தேவையில்லாத கவலை. கல்லூரி திறந்ததும் எல்லோரும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்கினோம். லென்ஸைக் கையில் பிடித்துப் பழகியவர்களுக்கு மட்டும், ரெட்டினோஸ்கோப்பில் நிழல் கூடவே ஓடுகிறதா எதிரே ஓடுகிறதா என்பது சீக்கிரம் பிடிபட்டது.

வீட்டில் கண்ணாடி போடுபவர் யாரும் இல்லையென்றால், பக்கத்து ஆப்டிகல்ஸ் கடையில் கேளுங்கள். பவர் மாறியதும் கழற்றிப் போட்ட லென்ஸ் டப்பாவில் கிடக்கும், சும்மாவே தருவார்கள். பவரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் நீங்களே கண்டுபிடித்துவிட்டு அப்புறம் சீட்டைப் பிரியுங்கள்.