முறைசாராச் சிறு சுரங்கக்காரர்களை முறையான பொருளாதாரத்துக்குள் கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் உரிமத்தைக் கையில் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் நடக்காது. தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்குத் தெற்கே கெய்டா என்ற ஊரில் சில வருடம் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் போன புதிதில் உரிமம் வைத்திருந்தவர்கள்கூடத் தங்கத்தைத் திருட்டுத்தனமாகத்தான் விற்றார்கள். முறைப்படி விற்றால் மதிப்புக் கூட்டு வரி 18 சதவீதம், வருமானத்தில் பிடித்தம் 5, ராயல்டி (தோண்டியெடுத்த கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் பங்கு) 6, ஆய்வுக் கட்டணம் 1. தரகரிடம் போனால் வரியே இல்லை, உடனே ரொக்கம். ரசீது போட்டு விற்க யாருக்குப் பைத்தியமா?

2019இல் சிறு சுரங்கக்காரர்களுக்கு அந்த 18ஐயும் 5ஐயும் அரசு நீக்கியது. மார்ச்சில் கெய்டாவிலேயே தங்கச் சந்தையும் திறந்தார்கள். வாங்குகிறவர்கள், எடை பார்க்கிறவர், மாற்று (தங்கத்தின் சுத்தம்) பார்க்கிற இயந்திரம் எல்லாம் ஒரே கூரைக்குள். எனக்குத் தெரிந்த குழிக்காரர் (செலவு போட்டு ஒரு குழியை நடத்துகிறவர்) ஒருவர் கொண்டைக்கடலை அளவுத் தங்கத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனார். ரசீதில் இருந்த மாற்று எண்ணை மூன்று தடவை படித்தார். இருபது வருடமாகத் தோண்டுகிறவர். தன் தங்கத்தின் மாற்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. அதுவரை தரகர் சொன்னதுதான் மாற்று, தரகர் வைத்ததுதான் எடை.

  

சந்தைக்கு வராத பணம் ஒன்று இருக்கிறது. அரைத்த கல்லைச் சாக்கு விரித்த சரிவுப் பலகையில் கழுவி, பாதரசம் சேர்த்துப் பிடித்தால் பாதித் தங்கம்கூடத் தேறாது. மிச்சம் சேற்றிலேயே கிடக்கும். அந்தச் சேற்றை அங்கே ‘மருதியோ’ என்பார்கள். அது பெரும்பாலும் அரைவை மில்காரருக்குத்தான். அவரிடமிருந்து, அதைச் சயனைடு கரைசலில் ஊறவைத்து மிச்சத் தங்கத்தைப் பிரிக்கிற தொட்டிக்காரருக்குப் போகும். நான் சம்பளம் வாங்கியதே அப்படி ஒரு தொட்டிக்காரரிடம், அதனால் அதில் வருகிற லாபம் எனக்குத் தெரியும். தோண்டுகிறவர்களை உள்ளே கொண்டுவர வேண்டுமென்றால், கூட்டுறவாக அவர்களுக்கே ஒரு தொட்டி வைத்துக் கொடுக்கலாம். பாதரசத்தைத் தடை செய்கிறேன் என்று லத்தியோடு போவதைவிட அது பலன் தரும் என்பது என் கணிப்பு.

இன்னொன்று. உரிமம் ஏழு வருடம், பெரும்பாலும் ஒருவர் பெயரில். கீழே இறங்குகிறவர்களுக்குக் கூலி கிடையாது. நிலக்காரர், உரிமக்காரர், குழிக்காரர் பங்கு போக மீதிக் கல்மூட்டைதான். நான் சொன்ன அந்தக் குழிக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் பேரேடு எழுதிக் கொடுத்தேன். பம்பு வாங்கக் கடன் கேட்டு வங்கிக்கு அந்தப் பேரேட்டையும் சந்தை ரசீதுகளையும் எடுத்துப் போனார். அதில் டீசலுக்குத் தனிப் பக்கம், குழிக்கு முட்டுக் கொடுக்கும் மரத்துக்குத் தனிப் பக்கம். குழிக்குள் இறங்கிய ஒன்பது பேருக்கு ஒரே வரி: ‘ஆட்கள் - 14 மூட்டை’.