துன்பமான காலத்தில் கிறிஸ்தவ விசுவாசம் உங்களுக்கு எப்படி நம்பிக்கை அளித்தது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தி வந்த குடும்பம் எங்களுடையது. 2020 ஊரடங்கில் ஆர்டர்கள் நின்று, கடனுக்காகப் பட்டறையை மூட வேண்டியதாயிற்று. மறு ஆண்டு ஆடி மாதத்தில் அப்பாவைப் பக்கவாதம் தாக்கி, வலது கையும் பேச்சும் முடங்கின.

அந்நாட்களில் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களுள் ஒருவர், வீட்டில் விசுவாசம் குறைந்ததால்தான் இந்தச் சோதனை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதன் பிறகு ஒரு மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. மறுபடியும் வேதத்தைத் திறந்தபோது கண்ணில் பட்டது 13ஆம் சங்கீதம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை 'எதுவரைக்கும்' என்று கேட்கும் அந்தப் பாடலைச் சிறு வயதிலிருந்தே ஆராதனையில் வாசித்திருந்தும், அது முறையிடுகிறவனின் குரல் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஆறாம் வசனத்தில் அது துதியாக மாறிவிடுகிறது. 88ஆம் சங்கீதமோ அப்படி மாறாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்திலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை. கடவுளிடம் கோபித்துக்கொள்வதும் ஜெபத்தில் சேர்ந்ததே என்று தெரிந்ததும் என் நெஞ்சிலிருந்த இறுக்கம் தளர்ந்தது.

இன்னொன்று எலியாவின் கதை (1 இராஜாக்கள் 19). யேசபேல் அரசிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும்" என்று சாவை வேண்டிய அந்தத் தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்துத் தூங்கவிட்டான். மறுபடியும் எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லிச் சாப்பிட வைத்தான். இதை நான் புரிந்துகொண்டது ஆலயத்தில் அல்ல, மருத்துவமனை வராந்தாவில். ஆடி விரதத்திலிருந்த எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, தூக்குவாளியில் கஞ்சியும் ஒரு கிண்ணத்தில் தேங்காய்த் துவையலும் கொண்டுவந்து வைத்து, "சாப்புடு தம்பி, ராத்திரி முழுக்க முழிக்கணும்ல" என்றார். மாரியம்மனுக்கு விரதமிருப்பவரின் கையால் எனக்கு அந்த அடை வந்ததைப் பற்றி எங்கள் ஆயரிடம் பிறகு சொன்னபோது, அவர் சிரித்துவிட்டுத் தலையசைத்தார்.

ஆகவே, கேட்டவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஜெபம் வராவிட்டால் சங்கீதக்காரனின் சொற்களைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்; நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். எலியாவைப் போல் 'போதும்' என்று தோன்றினால் தனியே இருக்காமல் மருத்துவரையோ 104 என்ற அரசு உதவி எண்ணையோ நாடுங்கள். அப்படி நாடுவதை விசுவாசக் குறைவாக நான் நினைக்கவில்லை.

பட்டறை திரும்பக் கிடைக்கவில்லை. இன்னொருவரிடம் கூலிக்குக் கொலுசுக்குப் பற்றவைக்கிறேன். அப்பா ஊன்றுகோலுடன் நடக்கிறார். மாலையில் நான் 13ஆம் சங்கீதத்தை வாசிக்கும்போது கூடவே சொல்ல முயல்வார். பாதிச் சொற்கள் குழறிப்போகும், 'எதுவரைக்கும்' மட்டும் நான்கு தடவையும் தெளிவாக வரும்.